காபி நேரத்து மன்னிப்பு

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் ஏரி ஆய்வு நிலையத்தில் சாமி என்பது ஒரு சின்ன யூனிக்ஸ் சர்வர். கீழ்த்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் பெட்டியாக உட்கார்ந்து இரைந்துகொண்டிருக்கும். பெயர் லேம்ப்ரே. எங்கள் மெஷின்கள் எல்லாவற்றுக்கும் சுப்பீரியர் ஏரியில் வாழும் ஜந்துக்களின் பெயர்தான். லேம்ப்ரே என்பது நல்ல மீன்களின் உடம்பில் வாயை ஒட்டவைத்து ரத்தம் குடிக்கிற ஒன்று. பூசாரியின் பெயர் வெண்டெல் ஹார்க்னஸ். பொருத்தமான பெயரை அவன் தனக்கு வைத்துக்கொள்ளாமல் மெஷினுக்கு வைத்துவிட்டான்.

நான் இர்யா சாரெலா. அங்கே கருவிகளைப் பழுது பார்ப்பவள். ஏரிக்குள் இறக்கும் வெப்பமானிகள், படகின் கப்பி, குளிரில் உயிரை விடும் பாட்டரிகள் எல்லாம் என் தலையில். சர்வர் விஷயத்தில் நான் எடுபிடி மட்டும்தான். கேபிள் இழுப்பேன், பேக்கப் டேப்பை மாற்றுவேன். ரூட் என்று ஒரு கணக்கு உண்டு. அதன் பாஸ்வேர்டு தெரிந்தவர் அந்த மெஷினில் யாருடைய எதையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம். முன்பு எனக்கும் அது தெரியும். வெண்டெல் மான் வேட்டைக்குப் போயிருந்த வாரத்தில் பிரிண்டர் படுத்துவிட்டது, நானே எழுப்பிவிட்டேன். அவன் திரும்பி வந்த அன்றே பாஸ்வேர்டை மாற்றினான். நான் எதையாவது கெடுத்து வைத்திருந்தால் மன்னித்திருப்பான். பிரிண்டர் ஒழுங்காக வேலை செய்தது, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அவன் தொழிலில் கெட்டிக்காரன். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவன் அறைக்கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: 'சின்ன சர்வரைப் பராமரிப்பவருக்குச் சில அறிவுரைகள்.' அழிப்பதற்கு முன் எதை அழிக்கப்போகிறாய் என்று ஒருமுறை திரையில் போட்டுப் பார். ரூட்டாக உட்கார்ந்துகொண்டு கொட்டாவி விடாதே. திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை. டிஸ்க் நிரம்பியிருக்கிறது, நிரப்பிய ஃபைலை மட்டும் காணோம் என்றால், ஓடிக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு புரோகிராம் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தேடு. எல்லாம் பொன்னான வார்த்தைகள். ஆனால் நடுநடுவே விஷத்தையும் கலந்திருந்தான். 'நான் ஒன்றுமே செய்யவில்லை என்கிறவர்தான் செய்தவர்.' 'உதவி கேட்டு வருபவரைக் கையேட்டைப் படிக்கச் சொல். படித்துவிட்டேன் என்றால் மறுபடி படிக்கச் சொல்.' வெளியூரிலிருந்து வருகிற சர்வர்காரர்கள் அந்தத் தாளைப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த ஜாதியே அப்படித்தான்.

கதவு போதாதென்று இன்னொன்றும் செய்தான். காலையில் யார் லாகின் செய்தாலும் திரையில் முதலில் வருவது 'இன்றைய பன்றிகள்'. டிஸ்கில் அதிக இடம் பிடித்தவர்களின் பெயர்கள், பெருத்தது மேலே. அதில் பெயர் வந்தவர் காபி அறைக்குள் நுழைந்தால் மற்றவர்கள் மூக்கால் உறுமுவார்கள். மீன் பிரிவு கிளைட் அதில் தேர்ந்தவன். நிஜப் பன்றியே திரும்பிப் பார்க்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பட்டியலின் உச்சியில் இருந்தவள் ஒடெட் திபோ. கனடாக்காரி, சட்பரியிலிருந்து வந்து ஆறு வருடமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஏரியில் பனிக்கட்டி எப்படிப் பிடிக்கிறது, எங்கே முதலில் உடைகிறது என்று கணக்கிடுகிற புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்பு ஓடத் தொடங்கியது பிப்ரவரியிலும் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு ஆக ஆக விடைகளை ஒரே ஃபைலில் எழுதிக்கொண்டே போனது. இன்னும் சில நாட்களில் முடிந்துவிடும், மார்ச்சில் வாய்மொழித் தேர்வு. தேர்வு நாளை ஏற்கனவே தள்ளிப்போட்டாயிற்று. இனி தள்ளமாட்டோம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். உதவித்தொகையும் மார்ச்சோடு சரி. அந்த ஃபைல் இல்லாவிட்டால் பட்டம் இல்லை, சட்பரியில் அண்ணன் நடத்துகிற பனி ஸ்கூட்டர் கடையில் ரசீது போட வேண்டியதுதான். இதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்த ஃபைல் டேப்பிலும் கிடையாது. 'மறுபடி கணக்கிட்டுப் பெறக்கூடியவை பேக்கப்பில் வராது' என்பது வெண்டெலின் சட்டம். மறுபடி கணக்கிட இரண்டு மாதம் ஆகும் என்பதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒடெட் என் பட்டறைக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இர்யா, இன்னிக்கு லிஸ்ட்ல என் பேரு இல்ல."

"அடி சக்கை! கேக் வெட்டிடலாமா?"

"ஃபைலும் இல்ல."

நடந்தது இதுதான். முந்தின நாள் காபி அறையில் உறுமல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. டைரக்டரின் விருந்தாளிகள் முன்னாலேயே கிளைட் உறுமினான். இவள் முகம் சிவந்து மேலே போய், பழைய சோதனை முடிவுகளை எல்லாம் அழிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறாள். அவை எல்லாமே 'ஐஸ்' என்று தொடங்கும் பெயர்கள். 'ஐஸ்' என்று தட்டி, மீதி எதுவானாலும் சரி என்று பொருள்படுகிற நட்சத்திரக் குறியைப் போட்டு அழித்துவிட்டாள். உயிரோடு ஓடிக்கொண்டிருந்த ஃபைலின் பெயரும் 'ஐஸ்' என்றுதான் தொடங்கும் என்பது அந்த அவமானத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

நான் என் திரையில் டிஸ்கின் அளவைப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அத்தனை பெரிய ஃபைலை அழித்தும் இடம் திரும்பி வரவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

"இங்க பாரு. இந்த மெஷின்ல அழிக்கறதுன்னா பேரை மட்டும்தான் எடுக்கறது. உன் புரோகிராம் இன்னும் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப ஃபைல் அது கையில பத்திரமா இருக்கு. பேரு போச்சு, உயிரு போகல. அது கையில இருந்து ஒரு நகல் எடுத்தாப் போதும். அதுவரைக்கும் எதையும் தொடாதே. புரோகிராமை நிறுத்தாதே. லாகவுட் பண்ணாதே. மூச்சு வேணா விட்டுக்கோ."

"நகல் நீ எடுப்பியா?"

"பேரில்லாத ஃபைலை ரூட்தான் எட்டிப் பிடிக்க முடியும். அவன்கிட்டதான் போகணும்."

அவள் முகம் வெளுத்தது. எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கீழ்த்தளத்தில் சர்வர் பக்கத்திலேயே இருந்த தன் அறையில் வெண்டெல் மேஜையில் கால் போட்டு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த பேஸ்டியைத் தின்றுகொண்டிருந்தான். அதன்மேல் கெட்சப். எங்களைப் பார்த்ததும் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி மலர்ந்தான்.

"வாங்க வாங்க. விடிஞ்சதுலேருந்து எதிர்பார்த்துட்டு இருக்கேன். ஃபைலைக் காணோம், இடமும் திரும்பி வரல. ஆஹா, ஏதோ ஒரு புத்திசாலி கைவரிசை காட்டியிருக்குன்னு தெரிஞ்சுது. எந்தப் புத்திசாலின்னுதான் ஆவலா இருந்தேன்."

"எடுத்துக் குடுக்க முடியுமா வெண்டெல்?" என்றாள் ஒடெட்.

"முடியும்." ஒரு வாய் கடித்து, மெதுவாக மென்றான். "என்ன தட்டினே, சொல்லு."

அவள் சொன்னாள்.

"நட்சத்திரம் எங்க வெச்சே?"

"ஐஸுக்கு அப்புறம்."

"இன்னொரு தடவை சொல்லு. மெதுவா. கேக்க நல்லாருக்கு."

அவள் சொன்னாள். நான் பொறுக்கமாட்டாமல் குறுக்கே பாய்ந்தேன்.

"யோவ், உன் ரசனையை அப்புறம் வெச்சுக்கோ. டிஸ்க் தொண்ணூத்தேழுல நிக்குது, ஏறிட்டே இருக்கு. நிரம்பிடுச்சுன்னா எழுத இடமில்லாம அவ புரோகிராம் தானா செத்துடும். அது செத்தா கையில இருக்கறதும் போயிடும்."

"பாரேன், இர்யா கதவைப் படிச்சிருக்கா! அந்தத் தாளை ஒட்டினது வீண் போகல." என்னை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாரும் காபிக்கு வருவாங்க. நீ எழுந்து நின்னு சொல்லணும். என்ன பண்ணே, கதவுல என்ன எழுதியிருந்துது, அதை ஏன் படிக்கல. எல்லாருக்கும் ஒரு பாடமா இருக்கும்ல?"

"இப்ப எடுத்துக் குடுத்துடுங்களேன். அப்புறம் நீங்க எங்க நின்னு சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

"எடுத்துக் குடுத்தப்புறம் எவ மன்னிப்பு கேப்பா? யூஸருங்களோட குடும்பம் நடத்தி எனக்குத் தலையே நரைச்சுடுச்சு, மகராசி. காபி முடியட்டும். அதுவரைக்கும் இடம் தாங்கும்."

"தாங்கலன்னா?" என்றேன் நான்.

"தாங்கும்னு சொல்றேன்ல?"

அந்தக் கெட்சப் பாட்டிலை அவன் தலையில் கவிழ்த்திருக்கலாம். நேராக டைரக்டர் ஹாலிஸ் பிராண்டின் அறைக்குப் போனேன். நல்ல மனிதர், நல்லவராக இருப்பதற்கு எந்தச் செலவும் ஆகாத நாட்களில். நான் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அவனைத் தெரியாதா இர்யா? கொஞ்சம் நாடகம் ஆடுவான், அப்புறம் செஞ்சு குடுத்துடுவான். காபி வரைக்கும்தானே? அவன்கிட்ட நான் மூக்கை நுழைச்சா அடுத்த வாரம் என் மெயில் எங்க போகும்னு எனக்கே தெரியாது."

டைரக்டரே பூசாரிக்குப் பயந்தால் மற்றவர்கள் எங்கே போவார்கள்?

காபி அறையில் வழக்கம்போல் ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி நறுக்கி வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்திக்கு மெயில் போகவில்லை. கிளைட் அடித்த அறிக்கையைச் சேமிக்க முடியவில்லை, இடமில்லை என்கிறதாம். வெண்டெல் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"கேட்டியா? நிரம்பிடுச்சு. இப்பவே கீழ போ."

"பேசி முடிக்கட்டும்."

"வெண்டெல், உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"நீயும் கெஞ்சறியா? இன்னிக்கு எனக்கு யோகம்தான்." ரொட்டித் துண்டை எடுத்து வெண்ணெய் தடவினான். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது.

ஒடெட் எழுந்து நின்றாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நேத்து நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

கிளைட் உறுமினான். அறை சிரித்தது.

"சத்தமா," என்றான் வெண்டெல். "பின்னாடி கேக்கல."

அவள் சத்தமாகச் சொன்னாள். எதை அழிக்க நினைத்தாள், எதை அழித்தாள், கதவில் இருந்த அறிவுரை என்ன, அதைத் தினமும் கடந்து போயும் ஏன் மதிக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள். குரல் ஒரே ஒரு இடத்தில்தான் உடைந்தது. டிஸ்கில் இடத்தை அடைத்ததற்காக எல்லாரிடமும் மன்னிப்பு கேட்கிறேன் என்றாள். அந்த நிமிடம் அவள் நின்றதைப் போல் நிமிர்ந்து நின்ற ஒருவரை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை. நிசுவைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வாசலில் நூலகத்துப் பெண் தலையை நீட்டினாள்.

"ஹே, மெயில் போகுது! டிஸ்க்ல இடம் வந்துடுச்சு! எக்கச்சக்கமா வந்திருக்கு!"

கைதட்டல். கிளைட் மேஜையைத் தட்டினான். டைரக்டர்கூடத் தட்டினார். ஒடெட் சுற்றிலும் பார்த்தாள். தான் பேசியதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த அறையில் ஆறு வருடத்தில் அவளுக்கு யாரும் கை தட்டியதில்லை. "தேங்க்ஸ்," என்று சொல்லி உட்கார்ந்தாள்.

நான் வெண்டெலைப் பார்த்தேன். அவன் வாயிலிருந்த ரொட்டியை மெல்லுவதை நிறுத்தியிருந்தான். இடம் எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"இப்ப போகலாமா வெண்டெல்?" என்று உற்சாகமாக எழுந்தாள் ஒடெட்.

மூன்று பேரும் படியிறங்கினோம். அவள் முன்னால் போனாள், அவள்தான் அவசரத்தில் இருந்தாள். வெண்டெல் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ தட்டினான், திரையைப் பார்த்தான், சாய்ந்துகொண்டான்.

"போச்சு."

"எது?"

"உன் புரோகிராம் செத்துடுச்சு. எழுத இடமில்ல, நின்னுடுச்சு. ஃபைலும் அதோட போயிடுச்சு."

"இல்ல, நீங்க நகல் எடுத்துக் குடுக்கறேன்னு..."

"எதை நகலெடுக்கறது? இல்லாததையா?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு வந்தது கோபம் மட்டும்தான், அதைக் கொட்டினேன்.

"பாவி! ஒரு மன்னிப்புக்காக அவ பொழைப்பைக் கெடுத்துட்டியே. அந்தப் பாஸ்வேர்டு மட்டும் என்கிட்ட இருந்திருந்தா, காலையிலேயே முடிச்சிருப்பேன். உன் மூஞ்சியப் பார்க்கவே வந்திருக்கமாட்டோம்."

வெண்டெல் என்னை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தான். அதில் நடிப்பே இல்லை.

"பாஸ்வேர்டு எதுக்கு?"

"எதுக்கா? ரூட் இல்லாம எப்படி எடுக்கறது?"

"யாரு சொன்னா? புரோகிராம் அவளோடது, அதை ஓட்டினது அவ, ஃபைலும் அவளோடது. தன் புரோகிராம் கையில இருக்கறதை அவளே எடுத்துக்கலாமே. ஒரே வரி. இங்க இடமில்லன்னா மீன் பிரிவு மெஷினுக்கு அனுப்பியிருக்கலாம், அது காலியாத்தான் கெடக்கு. அவசரம்னா புரோகிராமை சாகடிக்காம அப்படியே உறைய வெச்சிருக்கலாம், அதுக்கும் ஒரே வரி. இதுக்கெல்லாம் ரூட்டும் வேண்டாம், நானும் வேண்டாம். கையேட்டுல இருக்கு."

"காலையில இதை ஏன்யா சொல்லல?" என்றேன்.

"நீங்க எங்க அதைக் கேட்டீங்க? எடுத்துக் குடுக்க முடியுமான்னுதான் இவ கேட்டா. முடியும்னேன். முடியும்தானே?"

நான் அவனை அடித்திருப்பேன். உண்மையாகவே கை ஓங்கிவிட்டேன். ஒடெட் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"காட்டுங்க," என்றாள் அவனிடம்.

"எதை?"

"அந்த ஒரு வரியை."

அவனுக்குச் சந்தோஷம். சொல்லிக் கொடுப்பதென்றால் அவனுக்கு எப்போதுமே பிடிக்கும், கேட்கிறவர் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்து நிற்கிறபோது இன்னும் பிடிக்கும். எண்களை வரிசையாக எழுதிக்கொண்டே போகிற ஒரு குட்டிப் புரோகிராமை ஓடவிட்டான். அது எழுதுகிற ஃபைலை அழித்தான். பெயர் போய்விட்டது. பிறகு அந்த வரியைத் தட்டினான், ஒவ்வொரு துண்டுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே. இது உன் புரோகிராமோட எண், இது அது பிடிச்சிருக்கற கை, இது நகல் போய்ச் சேர வேண்டிய இடம். எண்கள் எல்லாம் திரும்பி வந்தன.

"இவ்ளோதான். சின்னக் குழந்தைகூடச் செய்யும்," என்றான்.

"எழுந்திரிங்க."

அவன் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஏனோ எழுந்துவிட்டான். ஒடெட் உட்கார்ந்தாள். அவனுடைய கணக்கிலிருந்து வெளியேறி, தன் பெயரில் லாகின் செய்தாள். அதே குட்டிப் புரோகிராமை எழுதி ஓடவிட்டாள். ஃபைலை அழித்தாள். அந்த வரியை ஒரு தடவைகூடக் கேட்காமல் தட்டினாள்.

ஒரு எண் குறையாமல் திரும்பி வந்தது. அவள் அதைக் கீழ்வரை பார்த்தாள். பிறகு அதையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை செய்தாள். மறுபடியும் வந்தது.